ஞாயிற்றுக்கிழமை எழும்பாத கார்

கோயில் மணி முதல் தரம் அடித்துவிட்டது. நான் முன்சீட்டில் ஏறி, மடியில் செபப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, முக்காட்டையும் சரிசெய்துவிட்டேன். என்னுடைய மனிசன் சூசை வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, நெற்றியில் சிலுவை போட்டு, காரின் திறப்பைச் செருகித் திருகினார்.

"டிக்."

அவ்வளவுதான். கார் எழும்பவில்லை. இன்னொரு தரம் திருகினார். அதே "டிக்". எதிர்வீட்டுப் படியில் நின்ற பொம்பளைகள் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள்.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "நான் லைட்டை அணைச்சனான், பிலோ," என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னதுதான் என் நெஞ்சைப் பிடித்தது.

ஐந்து கிழமைக்குள் நாலாவது தரம் அது.

முதலில் ஆட்களைச் சொல்கிறேன்

போன கிழமை என்னுடைய கலியாணக் கதையை வாசித்தவர்களுக்குச் சூசையைத் தெரியும். அப்போது மீசை கறுப்பு. இப்போது எழுபத்தேழு வயது, மீசை உப்பு. துறைமுகத்தில் லொறி ஓட்டிப் பென்சன் எடுத்தவர். நாங்கள் இருக்கிறது கொட்டாஞ்சேனையில், ஒரு வண்டியும் ஒரு பூனையும் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடிய ஒழுங்கையில்.

நான் பிலோமினா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டவள். கொப்பியில் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர் திருத்துகிறார்கள். என்னைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கார் பழைய ஜப்பான் கார். வீட்டு முன்பக்கத்தில் தகரக் கொட்டிலுக்குள்ளே, இரண்டு மதிலுக்கு நடுவே நிற்கும். வெயில் படாது. அதற்கு மேலே இவர் ஒரு சாம்பல் நிற உறையும் போட்டு மூடிவிடுவார். கிழமையில் இரண்டே இரண்டு பயணம்: செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு அந்தோனியார் நவநாளுக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு. மிச்ச நாளெல்லாம் அது உறைக்குள்ளே நித்திரை.

போன வருசம் உயிர்த்த ஞாயிறு கழித்துத்தான் இந்த நோய் பிடித்தது. செவ்வாய்க்கிழமை எழும்பும். ஞாயிற்றுக்கிழமை எழும்பாது.

மறதி என்று ஒரு சொல்

முதல் தரம் ஹெந்தளையிலிருந்து சுனில் பாஸ் வந்தார். கார் திருத்துகிறவர், சிங்கள ஆள், நல்ல மனிசன். தன்னுடைய காரிலிருந்து வயர் கொடுத்து எழுப்பிவிட்டு, "பழைய பெட்டரி, அம்மே," என்றார். இரண்டாம் தரம் நின்றபோது மருமகன் புது பெட்டரி வாங்கிப் போட்டார். மூன்றாம் தரம் புது பெட்டரியும் செத்தது.

சுனில் பாஸ் காரை ஹெந்தளைக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை முழுக்கத் தன் கராஜில் நிறுத்தி வைத்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். ஏழாம் நாள் ஒரே திருகில் எழும்பியது. கொண்டுவந்து விட்டுவிட்டு, "பெட்டரிய ஹொந்தாய், அம்மே," என்றார். பெட்டரி நல்லாத்தான் இருக்கிறதாம். பிறகு இவருக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்தி, உடைந்த தமிழில், "மாத்தயாவுக்குக் கொஞ்சம் மறதி போல. லைட் போட்டபடி விட்டுப் போறார்," என்றார்.

அந்த ஒரு சொல் வெள்ளவத்தை வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் மகள் ரொசலின் இருக்கிறாள். மருமகன் தயாபரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வங்கியில் பெரிய உத்தியோகம். மரியாதையான ஆள். சண்டை பிடிக்கத் தெரியாது, அதுதான் அவரோடு சண்டை பிடிக்கிறது கஷ்டம்.

நாலாவது தரம் நின்ற அந்த ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். மருமகன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சொன்னார்:

"மாமா, கோவிக்காதேங்கோ. இண்டைக்கு லைட்டை மறந்தனீங்கள். நாளைக்கு பிரேக்கை மறந்தா? ரோட்டிலே சின்னப் பிள்ளையள் போகுது. திறப்பை என்னட்டத் தாங்கோ. எங்க போகோணும் எண்டாலும் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

இவர் தகரக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருசம் ஓட்டி ஒரு கீறல் விழாத மனிசன், ஒரு பேச்சும் பேசாமல் பைக்குள் கையை விடுகிறார். தனக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் பயம். கார் போனால் பஸ் இருக்கிறது. இது போனால் என்ன இருக்கிறது?

"கையை எடுங்க வெளியே," என்றேன். "தம்பி, ஒரு கிழமை தாங்க. அடுத்த ஞாயிறு வாங்க. இது இவருடைய மறதிதான் என்றால் நானே திறப்பை உங்கட கையில் வைப்பேன்."

"அம்மா, நீங்க என்ன மெக்கானிக்கா?" என்றாள் மகள்.

"இல்லை. அந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்கல்லயே."

சூசை ஓஃப்

நான் ஏன் அவ்வளவு துணிந்து சொன்னேன் என்று கேட்பீர்கள்.

துறைமுகத்திலே அந்தக் காலத்து மேற்பார்வைக்காரர் ஒருவர், லொறியை விட்டு இறங்குகிற ஆள் ஒவ்வொன்றையும் அணைத்து வாயால் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தாராம். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். இவர் விடவில்லை. எங்கள் காரிலும் அதேதான். "லைட் ஓஃப். ரேடியோ ஓஃப்." கடைசியில் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்து, "சூசை ஓஃப்!" என்பார். கலியாணம் முடித்த புதிதில் இந்தப் பகிடிக்குச் சிரித்தேன். நடுவில் ஒரு இருபது வருசம் எரிச்சலாக இருந்தது. பிறகு அது இல்லாமல் இறங்கினால் எனக்குக் கால் நிலத்தில் படாதது போலிருக்கும்.

அதைச் செபமாலை மாதிரிச் சொல்லுகிற வாய், லைட்டை மறக்காது. எனக்குத் தெரியும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்றால் வங்கிக்காரர் எடுப்பாரா?

ஞாயிறு பின்னேரமே சுனில் பாஸ் வந்து வயர் கொடுத்துக் காரை எழுப்பிவிட்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்து வந்து இறங்கும்போது இவர் "சூசை ஓஃப்" சொல்லவில்லை. உறையைப் போட்டார். வீட்டுக்குள் வந்தார். திரும்பப் போய் உறையைத் தூக்கிப் பார்த்தார். பின்னேரம் விளக்கு வைக்க முதல் ஐந்து தரம் போய்ப் பார்த்துவிட்டார்.

விடிந்ததும் நான் காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். "லை-ட்-டை அ-ணை." நான் வாசித்த சொற்களிலே என்னை அழ வைத்தது அது ஒன்றுதான்.

ஆட்டுக்குட்டி ஹோர்ன்

அழுது முடித்துவிட்டு யோசித்தேன்.

லைட்டை மறந்து விட்டால் பெட்டரி எப்போது சாகும்? ஒரே இரவில் செத்துவிட வேண்டும். அப்படியென்றால் புதன்கிழமை விடிய அது பிணமாக இருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நாளும் நாங்கள் ஒருவரும் புதன்கிழமை காரைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை செத்துக் கிடக்கிறதைக் கண்டு செவ்வாய்க்கிழமை விட்ட பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"ஹோர்ன் அடிங்க," என்றேன் இவரிடம். "ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஹோர்ன் மட்டும்."

"காலங்காத்தாலயா? ஒழுங்கை ஏசும்."

"ஏசட்டும்."

அடித்தார். "பாங்ங்!" எதிர்வீட்டுக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. புதன்கிழமை பெட்டரிக்கு நல்ல உயிர்!

வியாழக்கிழமை அடித்தோம். சத்தம் இருந்தது, ஆனால் தடிமன் பிடித்த ஆளின் தொண்டை மாதிரி. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து, "பிலோமினாக்கா, கலியாண ஊர்வலமா?" என்றாள். "இல்லடி, நாடி பிடிச்சுப் பாக்கிறோம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி "மே" என்றது. சனிக்கிழமை விடிய ஒன்றுமில்லை. இவர் அமத்திக்கொண்டே இருந்தார், காற்றுக்கூட வரவில்லை.

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இஞ்ச பாருங்க. நீங்க மறந்து விட்டதென்றால் ஒரு நாளிலே முடிஞ்சிருக்கும். இது சொட்டுச் சொட்டா நாலு நாளாப் போயிருக்கு. எங்கேயோ ஒழுகுது."

இவர் என்னைப் பார்த்தார். அந்தக் கிழமையில் முதல் தரம் நேராகப் பார்த்தார்.

"அப்ப நான் இல்லையா, பிலோ?"

"நீங்க இல்லை. யார் என்றுதான் தெரியாது."

காரோடு வந்த புத்தகம் ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்த்தோம். முழுக்க ஜப்பான் எழுத்து. எனக்கும் வாசிக்கத் தெரியாது, பட்டம் படித்த என் மருமகனுக்கும் தெரியாது. அந்தப் புத்தகத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

இடுப்பு வளைந்த திரி

அன்று பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்து இடி விழத் தொடங்கியது. எங்களுடைய ஆட்கள் இடிக்கு மந்திரித்த மெழுகுதிரி கொளுத்துவார்கள். நவநாளுக்குப் போனால் இரண்டு திரி வாங்கி, ஒன்றை அங்கே கொளுத்தி, மற்றதை மந்திரித்துக் கொண்டுவருவோம். அதை நான் காரின் முன்பக்க லாச்சிக்குள்தான் வைப்பேன். என்னுடைய சீட்டுக்கு முன்னால், முழங்காலுக்கு நேரே, மூடி வைத்த சின்னப் பெட்டி மாதிரி இருக்கிற லாச்சி. அதை நாங்கள் "சாமி லாச்சி" என்போம். கையளவு அந்தோனியார் சுருவம், தீர்த்தப் போத்தல், செபமாலை, பதக்கம், குருத்தோலை எல்லாம் அதற்குள்தான். வேறு ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். சுனில் பாஸ் ஒரு தரம் திறக்கப் பார்த்தார். "அதிலே மந்திரிச்ச சாமான் இருக்கு," என்றேன். அவரும் எங்களைப் போல வேதக்காரர். சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

வீட்டிலே திரி முடிந்திருந்தது. கொட்டிலுக்கு ஓடி, லாச்சியைத் திறந்து செவ்வாய்க்கிழமைத் திரியை எடுத்தேன்.

திரி வளைந்திருந்தது. நடு இடுப்பில் மட்டும், ஒரு பக்கமாக, உள்ளே வாங்கின மாதிரி.

இடியை மறந்துவிட்டேன்.

நான் கொச்சிக்கடைக் கோயில் வாசலில் முப்பது வருசத்துக்கு மேல் மெழுகுதிரி விற்றவள். பத்துத் தலைமுறைக்குப் போதுமான திரி என் கையால் போயிருக்கும். வெயிலில் வளைகிற திரி எப்படி வளையும், விளக்குக்குப் பக்கத்தில் வைத்த திரி எப்படி வளையும் என்று என்னைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வெயில் என்றால் கட்டோடு வளையும், எல்லாத் திரியும் ஒரே பக்கம் தலையைக் குனியும், பாடகர் குழு மாதிரி. ஈரப் பலகையில் உருட்டி நிமிர்த்தி விற்றிருக்கிறேன். ஆனால் ஒரு திரியின் இடுப்பு மட்டும் வாங்கினால் அதற்குப் பக்கத்தில் ஏதோ சூடு இருந்திருக்கிறது. சின்னச் சூடு, நெடுநேரச் சூடு.

கொட்டிலில் வெயில் இல்லை. கிழமை முழுக்க மூடல் வானம். அதே லாச்சிக்குள் அந்தப் பக்கம் கிடந்த பழைய திரி அம்பு மாதிரி நேராக இருந்தது. வளைந்த திரி கிடந்த இடத்தில் விரலால் தடவினேன். நகம் அளவு ஒரு கண்ணாடி தட்டுப்பட்டது.

"இஞ்ச வாங்க! இது என்ன?"

இவர் குடையோடு ஓடி வந்தார். "அது சின்ன பல்ப். லாச்சி திறந்தா எரியும். பெட்டரி செத்துப்போனதாலே இப்ப எரியல்ல."

"மூடினா?"

"அணையும்."

"யார் பார்த்தது?"

இவர் லாச்சியை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் பார்க்கேலாது, பிலோ. மூடின பிறகு எப்படிப் பார்க்கிறது?"

ஞாயிறு

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். மருமகனும் மகளும் வெள்ளவத்தையிலிருந்து, சுனில் பாஸ் ஹெந்தளையிலிருந்து வயரோடு. வந்ததும் மருமகன் திருகிப் பார்த்தார். "டிக்." அவர் முகத்தில் சந்தோசம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மாமி..." என்று தொடங்கினார்.

"பொறுங்க, தம்பி. சுனில் பாஸ், நீங்க வயர் கொடுங்க."

கார் எழும்பியது. உயிர் வந்த பிறகு மருமகனிடம் கையை நீட்டினேன். "உங்கட போனைத் தாங்க. வீடியோ பிடிக்கிற மாதிரிப் போட்டுத் தாங்க."

ஓலையில் கை வைக்காமல் தீர்த்தப் போத்தலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போனை வைத்தேன். லாச்சியை அமத்தி மூடினேன். "டக்" என்று பூட்டிக்கொண்டது. நல்லாக மூடின லாச்சிதான், யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லிவிட்டுத் திறந்து போனைக் கொடுத்தேன்.

நாலு தலையும் ஒன்றாகக் குனிந்தது. மூடின லாச்சிக்குள்ளே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். குருத்தோலை ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது. அந்தோனியார் சுருவம் மஞ்சளாக மினுங்குகிறது.

"ஐயோ," என்றார் சுனில் பாஸ்.

பிறகு எல்லாச் சாமானையும் முந்தானையில் எடுத்துவிட்டு, வெறும் லாச்சியில் போனை வைத்து மூடினேன். இந்தத் தரம் வீடியோவில் "டக்" என்ற சத்தம் மட்டும். பிறகு கறுப்பு. தார் மாதிரிக் கறுப்பு.

சுனில் பாஸ் லாச்சி விளிம்பில் இருந்த பொத்தான் ஒன்றைக் காட்டினார். மூடி அதை அமத்தினால்தான் விளக்கு அணையுமாம். உள்ளே சாமான் முட்டிக்கொண்டு நின்றால் மூடி பூட்டும், ஆனால் ஒரு நூல் வெளியே தள்ளி நிற்கும், பொத்தான் அமராது. "சின்ன பல்ப். ரெண்டு நாள் தாங்கும். நாலஞ்சு நாள் தாங்காது," என்றார்.

செவ்வாயிலிருந்து ஞாயிறு ஐந்து நாள். ஞாயிறிலிருந்து செவ்வாய் இரண்டு நாள். எல்லாம் வந்து பொருந்தியது.

ஆனால் மருமகன் வங்கிக்காரர் அல்லவா? விடுவாரா?

"மாமி, ஒண்டு மட்டும் இடிக்குது. சுனில் பாசிட கராஜிலே ஒரு கிழமை நிண்டது. அங்க ஏன் சாகேல்ல?"

சுனில் பாசும் தலையை ஆட்டினார். இவர் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

நான் முந்தானையைப் பார்த்தேன். அதற்குள்ளே பதினாலு வருசக் குருத்தோலை. ஒவ்வொரு குருத்து ஞாயிறும் ஒரு ஓலையைச் சிலுவையாக மடித்து அந்த லாச்சிக்குள் வைத்தவள் நான். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. அதனால் பழையதை எடுக்காமல் புதியதை மேலே மேலே திணித்தவளும் நான். அந்த வருசத்து ஓலை வைத்தபோது லாச்சி மூட மறுத்தது. முழங்காலால் முட்டி மூடினேன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அது. அந்தப் பெரிய கிழமை தினமும் கோயிலுக்கு ஓடியதாலே பெட்டரி தாங்கியது, நோய் தொடங்கியது அதற்குப் பிறகு.

கார் கராஜுக்குப் போன அன்று? மந்திரித்த சாமானை அந்நிய இடத்தில் கிரீசுக்கும் எண்ணெய்க்கும் நடுவே விடக் கூடாதென்று எல்லாவற்றையும் வழித்து எடுத்து வீட்டில் வைத்தேன். கார் வந்ததும் திரும்பவும் முழங்காலால் முட்டி மூடினேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். "அது எனக்கென்ன தெரியும்" என்றிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்தக் "கொஞ்சம் மறதி" இவர் பேரில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

"கராஜுக்குப் போகேக்க லாச்சி வெறுமை," என்றேன். "நான்தான் எடுத்தனான். வந்ததும் நான்தான் திரும்ப அடைச்சனான். அஞ்சு கிழமையா பெட்டரியைக் கொன்றது நான். உங்கட மாமாவுக்கு ஒரு மறதியும் இல்லை, தம்பி. எழுதி வேணுமென்றால் எழுதித் தாறேன். எழுத்துப் பிழையோடு தாறேன்."

முதலில் சிரித்தது சுனில் பாஸ். பிறகு மகள். மருமகன் இவருக்குக் கிட்டப் போய், "மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

"மன்னிப்பெல்லாம் பிறகு. பின்பக்கம் ஏறுங்க," என்றார் இவர். "பத்தரைப் பூசைக்கு நேரமிருக்கு."

மருமகன் சைவக்காரர். ஆனாலும் பின்சீட்டில் ஏறி, எங்களோடு வந்து, கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுப் பூசையும் இருந்தார்.

சாம்பல்

அந்தக் கடதாசித் துண்டை நானே பிய்த்தேன். பெட்டரி அதற்குப் பிறகு ஒரு நாளும் சாகவில்லை. வளைந்த திரியைக் கொளுத்தவுமில்லை, நிமிர்த்தவுமில்லை. அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். வருகிற ஆட்கள் கேட்டால் கதை சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பதினாலு ஓலையையும் இந்த வருச விபூதிப் புதனுக்கு முன்னால் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய குருத்தோலையை எரித்துத்தான் அந்தச் சாம்பலை எடுக்கிறது. சாமியார் என் நெற்றியில் பூசும்போது, "இது என்னுடைய லாச்சி ஓலையாக இருக்க வேண்டும், ஆண்டவரே," என்று நினைத்தேன். செய்த பிழைக்கு அதைவிடப் பொருத்தமாக எதைப் பூச முடியும்?

வீட்டுக்கு வந்தோம். கொட்டிலுக்குள் காரை விட்டார். இரண்டு பேர் நெற்றியிலும் சாம்பல். இவர் ஒவ்வொன்றாகக் கையை வைத்துச் சொன்னார்.

"லைட் ஓஃப். ரேடியோ ஓஃப்." என் முழங்காலுக்கு முன்னால் எட்டி லாச்சியைத் தட்டினார். "லாச்சி ஓஃப்." கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார். "சூசை ஓஃப்!"

பிறகு திரும்பி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார்: "பிலோமினா?"

"பிலோமினாவுக்கு ஓஃப் இல்லை," என்றேன். "இறங்கிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வையுங்க."